கடல் படித்த பிள்ளைகளுக்கு எங்கே வேலை?

பிளஸ் டூ முடிவுகள் வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரக் காலனிகளில் மாணவர்களையும் பெற்றோரையும் கூட்டி வைத்துப் பேசுவது நமது வழக்கம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதுதான் பேச்சாக இருக்கும். இந்த ஆண்டு ராஜபாளையம் பக்கத்தில் நடந்த கூட்டத்துக்கு, பஞ்சாலையில் ஷிஃப்ட் முடித்த கையோடு ஒரு தாய் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. எழுந்து கேட்டார்:

"ஏண்ணே, இவ கடலப் பத்திப் படிக்கப் போறேன்னு நிக்கிறா. நம்ம ஊர்ல கண்மாய்லயே தண்ணி நிக்க மாட்டேங்குது. கடலப் படிச்சிட்டு வந்து இவ என்ன வேல பாப்பா?"

கூட்டம் சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நமக்கோ, சில ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த பிழை ஒன்று நினைவுக்கு வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவர். அப்பா, அம்மா இருவரும் விவசாயக் கூலிகள். கடல் சார்ந்த முதுநிலைப் படிப்பு ஒன்றில் இடம் கிடைத்ததும் நாம்தான் முன்னின்று சேர்த்துவிட்டோம். அவர் பட்டம் வாங்கி வந்தபோது ஏப்ரல் 14 விழா மேடையில் ஏற்றிச் சால்வை போட்டோம். அதன் பிறகு அவர் ஓர் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தார். அறிவிக்கையில் கேட்ட பட்டத்தின் பெயர் வேறு. அவர் சான்றிதழில் இருந்த பெயர் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் அரசாணை எதையும் அவரால் காட்ட முடியவில்லை. விண்ணப்பம் நின்றுபோனது. சேரும்போது கல்லூரியும் அவருக்கு இதைச் சொல்லவில்லை, சால்வை போட்ட நாமும் சொல்லவில்லை. ஒரு வேலை அறிவிக்கையைக்கூட முழுதாகப் படித்துப் பார்க்காமல்தான் நாம் அவருக்கு வழி காட்டியிருக்கிறோம். இன்று அவர் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார்.

ஆகவே அந்தத் தாய்க்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது.

கடல் நமக்கு அந்நியமா?

முதலில் ஊர்க் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 1985-ல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. மண்டபமும் ராமேஸ்வரமும் நமது மாவட்டத்து ஊர்களாக இருந்தவை. இன்றும் ராஜபாளையத்தில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் தூத்துக்குடி போய்விடலாம். தொலைவு நமக்குத் தடையாக இருந்ததில்லை. 'கடல் என்றால் மீனவர் தொழில், நமக்கு என்ன அங்கே' என்ற எண்ணம்தான் தடை. அப்பன் செய்த வேலையை மகன் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஏற்பாட்டைத்தான் தலைமுறை தலைமுறையாக எதிர்த்து வருகிறோம். அதே ஏற்பாட்டை நம் பிள்ளைகளின் படிப்பில் நாமே கொண்டுவந்து வைக்கக் கூடாது.

இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல

கடல் படிப்பு என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம். பி.எஃப்.எஸ்சி. என்பார்கள். இது நான்கு ஆண்டுத் தொழிற்படிப்பு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கப்பட்டது. 2012-ல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் உருவானது. பொன்னேரியிலும் தலைஞாயிற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கிறது. நீட் கிடையாது. இந்தப் பட்டத்தை முடித்தவர்கள் மீன்வள மேலாண்மை, நீருயிர் வளர்ப்பு, மீன் பதப்படுத்தல் என்று முதுநிலைக்குப் போகலாம்.

இரண்டாவது, விலங்கியல் போன்ற மூன்று ஆண்டுப் பட்டத்தை முடித்துவிட்டு, முதுநிலையில் கடல் உயிரியல், கடலியல், கடலோர மேலாண்மை என்று போவது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பரங்கிப்பேட்டையிலும், அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியிலும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குக் குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்திலும் இதற்கான மையங்கள் உண்டு. நல்ல ஆராய்ச்சி நடக்கும் இடங்கள் இவை.

ஆனால் வேலைச் சந்தையில் இந்த இரண்டு பாதைகளும் ஒரே கதவுக்குப் போவதில்லை. ஓர் உதாரணம் போதும். பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐபிபிஎஸ் தேர்வு நடத்துகிறது. வேளாண்மை, கால்நடை மருத்துவம் படித்தவர்களோடு மீன்வள அறிவியல் படித்தவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பட்டம் நான்கு ஆண்டுப் பட்டமாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டு விலங்கியல் படித்து, அதன் மேல் இரண்டு ஆண்டு கடல் உயிரியல் படித்தவர், கூட்டிப் பார்த்தால் ஐந்து ஆண்டு படித்திருக்கிறார். இருந்தும் அந்தக் கதவு அவருக்குத் திறக்காது. இது சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பட்டம் வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

இன்னொரு செய்தி. அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தரும் 2021-ம் ஆண்டுச் சட்டத்தில் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றோடு மீன்வளமும் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்கு மேல் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதமும், பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இருக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பஞ்சாலைக் கூலி வாங்கும் வீட்டுக்கு இது எட்டாத படிப்பு அல்ல.

படித்த பின் என்ன?

மாநில அரசில் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை இருக்கிறது. உதவி இயக்குநர், ஆய்வாளர், சார் ஆய்வாளர் பணியிடங்களுக்கு டிஎன்பிஎஸ்சி வழியாகத் தேர்வு நடக்கும். ஆண்டுதோறும் வராது, வரும்போது தயாராக இருக்க வேண்டும். வங்கி வேலையைச் சொன்னோம். நபார்டு வங்கியின் அதிகாரி தேர்விலும் மீன்வளத்துக்கு இடமுண்டு. கிராமத்துக்குக் கடன் கொடுக்கும் மேசையில் நம் பிள்ளை உட்கார்ந்திருப்பதன் பொருள், கடன் கேட்டு அலைந்த நமக்குத்தான் தெரியும்.

ஆராய்ச்சியில் போக விரும்புவோர்க்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய அது, ஒரு காலத்தில் நமது பழைய மாவட்டத்து மண்டபத்தில்தான் இயங்கியது. இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய நிலையம் சென்னையில். மீன்வளக் கல்விக்கான மத்திய நிலையம் மும்பையில். விஞ்ஞானிப் பணிக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. முனைவர் பட்டத்துக்குப் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை உண்டு.

கடலைப் படித்தவர்கள் எல்லோரும் மீனோடுதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், கடலோர ஆராய்ச்சிக்கான மையங்களும் இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் மீன் கூடும் இடங்களைச் செயற்கைக்கோள் வழியே கணித்து மீனவர்களுக்குச் சொல்கிறது. சுனாமி எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. அங்கெல்லாம் கணினியும் வரைபடமும் தெரிந்தவர்கள் வேண்டும். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும், பாக் நீரிணையில் 2022-ல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமும் வனத்துறையின் கீழ் வருகின்றன. அங்கே ஆய்வுத் திட்டங்கள் நடக்கின்றன.

தனியாரில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், தீவனக் கம்பெனிகள், தூத்துக்குடி போன்ற இடங்களில் ஏற்றுமதிக்கான பதப்படுத்தும் ஆலைகள், அவற்றின் தரப் பரிசோதனைக் கூடங்கள் என வேலை இருக்கிறது. வேகமாகக் கிடைப்பதும் இந்த வேலைதான். ஆனால் இரவு ஷிஃப்ட், ஒதுக்குப்புறமான பண்ணை, குறைந்த தொடக்கச் சம்பளம் எல்லாம் தெரிந்தே போக வேண்டும். அசல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. தனியாரில் இடஒதுக்கீடு இல்லை. 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கேள்வி நேர்காணலில் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். அதற்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டாம். ஆய்வகத்தில் கை தேர்ந்தவருக்கு ஓர் ஆலை இல்லாவிட்டால் இன்னோர் ஆலை.

திட்டப் பணி என்னும் பொறி

இன்று ஆராய்ச்சி நிறுவனங்களில் இளைஞர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நிரந்தர வேலைகள் அல்ல. ஆறு மாதம், ஒரு வருடம் என்று திட்டப் பணிகள்தான். நேரடி நேர்காணல் என்று அறிவிப்பு வரும். அடுத்த வாரமே ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். மத்திய அரசில் 45 நாட்களும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு பொருந்தும் என்பது விதி. 2022 நவம்பரில் மத்திய அரசு இதைச் சுற்றறிக்கையாக மீண்டும் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியது. எந்தத் திட்டத்தில் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் மாணவர் அமைப்புகள் கையில் எடுக்க வேண்டிய வேலை இது.

கணக்கெடுக்கும் கை யாருடையது?

வேலை, சம்பளம் மட்டும்தானா என்று கேட்கலாம். கூலி வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது.

தொண்ணூறுகளில் நாகை மாவட்டத்து வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கின. நிலத்தடி நீர் உப்பானது. வயலை நம்பியிருந்த தலித் கூலிகள் வேலை இழந்தார்கள். தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் அம்மையாரும் அவர் கணவர் ஜெகந்நாதனும் அதை எதிர்த்துப் போராடினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனத்தை ஆய்வு செய்து வரும்படி நீதிமன்றம் சொன்னது. அந்த அறிக்கையின் துணையோடுதான் 1996 டிசம்பர் 11-ல், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லும் தீர்ப்பு வந்தது. பிறகு 2005-ல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. போராட்டம் மக்களுடையது. ஆனால் தண்ணீரை எடுத்து, உப்பை அளந்து, அறிக்கை எழுதிய கை படித்தவர்களின் கை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் நாம் மறக்கவில்லை. கடற்கரையில் மீன் சுமந்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைத்த தலித்துகள், 'நீங்கள் மீனவர் இல்லையே' என்று பல இடங்களில் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். படகும் வலையும் இழந்தவருக்குக் கணக்கு இருந்தது; கூலி இழந்தவருக்குக் கணக்கு இல்லை. இதில் மீனவ மக்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை. அவர்களும் ஒதுக்கப்பட்டவர்கள்தான். பட்டியல் தயாரித்த இடத்தில் நம்மவர் இல்லை என்பதே நமது குறை.

அம்பேத்கர் 1927 மார்ச் 20-ல் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அந்தக் காட்சியை நாம் சுவரொட்டியில் போடுகிறோம். அவரே பின்னாளில், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கமான அமைப்புக்கும் வழிவகுத்தார் என்பது நம் சுவரொட்டிகளில் இல்லை. நீரைக் குடிக்கும் உரிமைக்குப் போராடியவர், நீரை நிர்வகிக்கும் அறிவும் நமக்கு வேண்டும் என்று செய்து காட்டினார்.

கண்மாய்க்குத் திரும்பும் வழி

இனி நம்ம ஊருக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமது கண்மாய்கள் நிறைகின்றன. கட்லா, ரோகு குஞ்சு விடுகிறார்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது பிடிக்கிறார்கள். இந்தச் சில மாத மீனுக்குத்தான் மீன்பாசி ஏலம். ஏலம் யாருக்குப் போகும் என்பது பல ஊர்களில் ஏலம் நடப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். கண்மாயில் மண் வெட்டியது நம் தாத்தாக்கள். ஏலம் கேட்டுக் கை தூக்க நமக்குத் தயக்கம். ஊராட்சித் தலைவர் பதவி என்பது வெறும் நாற்காலி அல்ல. ஏலம், புறம்போக்கு, பொதுச் சொத்து எல்லாவற்றோடும் சேர்ந்த அதிகாரம். 1997 ஜூன் 30-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டது அந்த அதிகாரம் சேரிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குளம் வெட்ட நிலம் வேண்டும். நிலமில்லாதவருக்கு 60 சதவீதம் கொடுத்தால் என்ன, 90 கொடுத்தால் என்ன? நமக்குத் திறக்க வேண்டியது கண்மாய். மீன்வளம் படித்த ஒரு பட்டதாரியும், காலனிப் பெண்கள் சுயஉதவிக் குழுவும் சேர்ந்து கேட்டால் அவர்களுக்குக் கண்மாய்க் குத்தகையில் முன்னுரிமை வேண்டும். முன்வைப்புத் தொகைக்குத் தாட்கோ உதவ வேண்டும். மீனைப் பதப்படுத்தவும், ஐஸ் பெட்டி வண்டியில் கொண்டுபோய் விற்கவும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் 35 சதவீத மானியம் இருக்கிறது. இதை விருதுநகர் மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கோரிக்கையாக வைக்கிறோம்.

கல்லூரிகளிடமும் ஒரு கோரிக்கை. நீங்கள் தரும் பட்டம் எந்தெந்த அரசுப் பணிக்கு ஏற்கப்படுகிறது, இணையான கல்வித் தகுதி என்று சொல்லும் அரசாணை எண் என்ன என்பதைச் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிடுங்கள். அச்சிட எண் இல்லையென்றால் அரசிடம் கேட்டு வாங்குங்கள். பட்டத்தின் பெயரைப் புதுமையாக வைப்பது உங்களுக்கு எளிது. அந்தப் பெயரைச் சுமப்பது எங்கள் பிள்ளைகள்.

மாணவர்களே, உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். சேர்வதற்கு முன்பு, நீங்கள் பார்க்க விரும்பும் வேலையின் பழைய அறிவிக்கைகள் மூன்றை எடுத்துத் தகுதிப் பகுதியைப் படியுங்கள். அதில் உங்கள் பட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஆண்டுப் பட்டம் கிடைத்தால் அதை முதலில் எடுங்கள். கிடைக்காமல் மற்ற வழியில் போனால் நெட் தேர்வையும் கணினியையும் முதல் ஆண்டிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் வந்து நம்மிடம் பேசுங்கள். இணையான தகுதிக்கு விண்ணப்பிப்பதையும் தகவல் உரிமை மனு போடுவதையும் சேர்ந்து செய்வோம். பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுதும் நம் தம்பியும் அந்த வேலையில் நம்மோடு இருக்கிறார்.

இதையெல்லாம் அன்று அந்தத் தாயிடம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மகளிடம் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடச் சொன்னோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். தாய் அந்தத் தாளை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்:

"தூத்துக்குடிக்குக் காலம்பற பஸ்ஸு எத்தன மணிக்குண்ணே?"